புஞ்சைக்காரனுக்கும் ஒரு சுவர் ஒதுக்குங்கள்

கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். மதுரைச் சீமையின் பழைய விவசாயத்தைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் கண்காட்சியைப் பிள்ளைகளோடு வந்து பார்த்தேன். பெரியாறு அணைக்கு ஒரு கூடம் முழுவதையும் கொடுத்திருக்கிறீர்கள். கொடுக்க வேண்டியதுதான். 1895க்குப் பிறகு மேலூர்ப் பக்கம் வயல் பச்சையானது அந்தத் தண்ணீரால்தான். ஆனால் திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் வானத்தைப் பார்த்துக் கம்பும் சோளமும் வரகும் விதைத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாசலிலோ, "வெள்ளைக்காரர் காலத்தில் விவசாயம் செழித்தது" என்று எழுதியிருக்கிறது.

யாருக்குச் செழித்தது ஐயா? விவசாயியே நேரே சர்க்காருக்கு நிலவரி கட்டும் ரயத்துவாரி முறையில் தீர்வையைப் பணமாகக் கட்ட வேண்டும். வீட்டுக் கஞ்சிக்கு விளைவித்தவனிடம் பணம் ஏது? கதிர் அறுத்த கையோடு, விலை மலிந்து கிடந்த நேரத்தில் கம்பை விற்றுக் கிஸ்தி கட்டினான். ஆடி பிறக்கும் முன்னே, தானியம் கொட்டி வைக்கும் குலுக்கை காலி. அதே கம்பை, ஏறின விலைக்கு, வட்டிக்கு வாங்கினான். சாப்பாட்டுக்கும் அதுதான், விதைக்கும் அதுதான். மழை பொய்த்தாலும் புஞ்சைத் தீர்வை லேசில் தள்ளுபடியாகாது.

கட்டாதவனை என்ன செய்தார்கள் என்று விசாரிக்கச் சென்னை அரசே 1854இல் குழு போட்டது. மறு வருஷம் வந்த அறிக்கையில் அண்ணாந்தாளும் கிட்டியும் பதிவாகியிருக்கின்றன. கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் இணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது கிட்டி. செய்தவர்கள் நம்மூர் வசூல்காரர்கள். பணம் போனது கும்பெனி கஜானாவுக்கு. இதற்கு உங்கள் சுவரில் இடம் இல்லையா?

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தையும் விட்டுவிட்டீர்கள். 1877இல் நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்குப் போட்டார்கள். அதைத் தின்றுவிட்டு அவன் நாளெல்லாம் மண் சுமக்க வேண்டும். இலங்கையில் கண்டிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குச் சனங்கள் ஏன் போனார்கள் என்று வேறு யாரிடம் கேட்பது? இன்றைக்கும் விவசாயம் என்றால் ஆற்றுப் பாசனத்தைத்தான் பேசுகிறார்கள். மானாவாரிப் பயிர் கருகினால் எட்டிப் பார்க்க ஆளில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ஒரு சுவர். வாசல் வாசகத்தை எடுத்துவிட்டு, அந்த 1855 அறிக்கையின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி அந்தச் சுவரில் மாட்டுங்கள். மண் குலுக்கை எங்கள் பக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. நீங்கள் சரி என்றால் கேட்டு வாங்கி வண்டி வைத்து அனுப்புகிறேன். தயவுசெய்து பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயி