தந்தி உயர்ந்தால் கழுத்தைத் திருகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சி தொடங்கும்போது, மாதக்கணக்கில் மூலையில் சாய்ந்திருந்த கிட்டாரை எடுத்தால் தந்தி உயர்ந்து விரல் வலிக்கும். உடனே ஆலன் கீயால், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை இறுக்குவது பலருக்கும் பழக்கம். ஆனால் கோளாறு பெரும்பாலும் கழுத்தில் இருப்பதில்லை. ஈரம் குடித்த மேற்பலகை உப்பி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைத் தூக்கிவிடுகிறது. அந்த நிலையில் கழுத்தை இறுக்கினால், அதில் இருக்க வேண்டிய மெல்லிய குழிவும் போய், முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளில்) இரைச்சல் கேட்கும். அதிரும் தந்தி நடுவில்தான் அதிகம் அகலும். அதற்கு இடம் விடவே அந்தக் குழிவு.

அளக்காமல் திருகக் கூடாது. தந்திகளைச் சுருதி சேர்த்து, முதல் ஃப்ரெட்டில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போக் கவ்வியை மாட்டி, கழுத்து உடலோடு சேரும் 14ஆம் ஃப்ரெட்டில் தடித்த தந்தியை அழுத்துங்கள். 7ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே 0.15 முதல் 0.25 மி.மீ. இடைவெளி போதும். பைக் மெக்கானிக்குகள் டேப்பட் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜ் இதற்கும் ஆகும். இல்லையென்றால் சாதாரண ஏ4 தாள் இரண்டு. ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. அளவு சரியாக இருந்தால் ராடைத் தொடவே வேண்டாம். குழிவு கூடுதலென்றால் மட்டும் தந்தியைத் தளர்த்திவிட்டு வலப்புறமாகக் கால் சுற்று, பிறகு சுருதி சேர்த்து மறுபடி அளவு. ராடின் திருகு இறுகி நின்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். உள்ளே ராடு முறிந்தால் கழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் விரற்பலகையையே பெயர்க்க வேண்டிவரும்.

புதிதாகக் கழுத்து செதுக்கும் தச்சர்களுக்கும் சில வார்த்தை. நம் ஊர்த் தச்சருக்கு மரம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். சறுக்குவது வேறு இடத்தில். கழுத்தை முரட்டளவில் அறுத்தபின் சில நாள் விட்டுவைத்து, அது வளையும் மட்டும் வளைந்து முடிந்த பிறகே கடைசி இழைப்பு. கழுத்தை முன்னும் பின்னும் வளைக்கக்கூடிய இருபக்க ராடு என்றால், எந்தப் பக்கமும் இழுக்காத நடுநிலையில் வைத்துத்தான் விரற்பலகையை ஒட்ட வேண்டும்.

வீணையின் மெட்டு மெழுகில் நிற்பது. தவறினால் பெயர்த்து வைக்கலாம். கிட்டாரில் ஃப்ரெட்டுக்காக வாளால் அறுத்த பள்ளம் அறுத்ததுதான். 650 மி.மீ. நீளத் தந்திக்கு முதல் ஃப்ரெட் 36.5 மி.மீ., 5ஆவது 163, 7ஆவது 216.2, 12ஆவது 325. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்தி படியும் கட்டையிலிருந்தே, அளக்க வேண்டும். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் சிறு பிசகு கூடிக்கொண்டே போகும்.

பள்ளத்தின் அகலம்தான் பலரும் கவனிக்காதது. ஃப்ரெட் கம்பியின் அடித்தண்டு பெரும்பாலும் 0.5 மி.மீ., அதன் பற்கள் அதைவிடத் தடிப்பு, 0.6 மி.மீ. பள்ளம் பொருந்தும். அதைவிட ஒடுங்கினால் இருபது கம்பிகளும் இருபது ஆப்புகளாக மாறி விரற்பலகையை விரிக்கும், கழுத்து பின்னால் வளையும். ஒருபக்க ராடு அந்த வளைவைத் திருப்பாது. பள்ளம் அகன்றாலோ கம்பி பிடி விட்டு, ஒரு மழைக்குள் தலைதூக்கும்.

ஃப்ரெட் கம்பிகளை அடித்து முடித்தபின் ராடால் கழுத்தை நேராக்கி, ஃப்ரெட் உச்சிகளில் மார்க்கர் மை பூசி, தட்டை அரத்தால் மை எங்கும் அழியும் வரை மட்டும் தேயுங்கள். சமமட்டம் ஆன பிறகு உச்சியை மறுபடி உருட்டாகச் சீவ வேண்டும். தட்டையாக விட்டால் சுருதி கெடும். பிறகு தந்தி பூட்டினால் சுமார் 70 கிலோ இழுவிசை கழுத்தை முன்னே வளைக்கும். ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் காலை ஃபில்லர் கேஜை எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை