ஸ்கார்பரோவிலிருந்து அப்பாவுக்கு

ஸ்கார்பரோ, கனடா,
18.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் பேசும்போது அம்மா பக்கத்தில் இருந்ததால் முழுதும் சொல்லவில்லை. ஜனவரியில் எனக்கு ஒரு விபத்து. பயப்படாதீர்கள், வலது தோள் மட்டும்தான். வேலைக்கும் திரும்பிவிட்டேன்.

மார்க்கம் சாலையில் சிக்னல் விழுந்தது. பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. தார் மேல் கண்ணாடி மாதிரி பனி உறைந்திருக்கும், தார் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சறுக்கிக்கொண்டே போய் முன்னால் நின்ற காரில் இடித்துவிட்டேன். அதிலிருந்து இறங்கிய வயதான அம்மா, "உனக்கு அடிபட்டதா?" என்றுதான் முதலில் கேட்டார். லைசென்ஸ், இன்சூரன்ஸ் விவரங்களை எழுதிக்கொண்டோம். சேதம் 2,000 டாலரைத் தாண்டும் போலிருந்ததால், விபத்தைப் பதிவு செய்யும் நிலையத்துக்கு இருவரும் போனோம். அங்கே வண்டியைப் பார்த்துவிட்டு, பதிவாகிவிட்டது என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை சட்டை போடக் கையைத் தூக்க முடியவில்லை. நான் குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், "ஏழு நாளைக்குள்ள உம்மட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிவிக்க வேணும் தம்பி" என்றார். இடித்தது நான், எனக்கு யார் தருவார்கள் என்று கேட்டேன். அவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் 1990 முதல் இப்படித்தான்: தப்பு யார் மேல் இருந்தாலும், அடிபட்டவருடைய வைத்தியத்தை அவரவர் இன்சூரன்ஸ் கம்பெனியே கவனிக்க வேண்டும்.

டாக்டருக்கு அரசாங்க அட்டை போதும். பிசியோதெரபிக்குக் கம்பெனி கட்டுகிறது. சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்ற சின்னக் காயத்துக்கு 3,500 டாலர் வரை. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆனால் வாரத்துக்கு 400 டாலர்தான் உச்சம், முதல் வாரத்துக்கு ஒன்றும் கிடையாது. மூன்று வாரம் வீட்டில் இருந்தேன், 800 வந்தது. வாடகைக்குக் கைமாற்று வாங்காமல் சமாளித்தேன்.

அந்தப் பணம் வந்த அன்று உங்கள் கால்தான் ஞாபகத்துக்கு வந்தது அப்பா. 2009-ல் வேன் இடித்ததற்குக் கும்பகோணம் கோர்ட்டில் ஆறு வருஷம் அலைந்தோமே. வேன்காரன் மேல்தான் தப்பு என்று சாட்சி சொல்ல வரும்படி டீக்கடைக்காரர் வீட்டுத் திண்ணையில் அம்மா எத்தனை நாள் காத்துக் கிடந்தாள். காலில் பிளேட் வைக்க அவள் வளையல் அடகுக்குப் போனது. பணம் வந்தபோது வளையல் மூழ்கிப்போயிருந்தது. தப்பு யாருடையது என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் காலைச் சரிசெய்வோம் என்று அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால்!

தப்புக்கே கணக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பின்னாலிருந்து இடித்தவர் மேல் முழுத் தப்பு என்று விதியே இருக்கிறது. அந்த அம்மாவின் காரை அவருடைய கம்பெனி சரிசெய்து கொடுத்தது. என் தப்பில் மோதினாலும் என் காருக்குக் கிடைக்கும்படி நான் தனியாகப் பணம் கட்டியிருந்தேன். அதனால் முதல் 1,000 டாலர் என் கையிலிருந்து, மீதி கம்பெனி. அடுத்த முறை புதுப்பிக்கும்போது பிரீமியம் ஏறும், அது நியாயம்தான்.

எனக்கு ஒப்பாதது ஒன்று உண்டு. பட்ட வலிக்காக இடித்தவர் மேல் வழக்குப் போட்டு ஜெயிக்க, காயம் நிரந்தரமாகவும் கடுமையாகவும் இருக்க வேண்டும். ஜெயித்தாலும், மிகப் பெரிய தொகையாக இல்லாவிட்டால், 2024 கணக்குப்படி முதல் 46,000 டாலர் சொச்சத்தைக் கழித்துவிடுவார்கள். நான் இடித்ததில் அந்த அம்மாவுக்குக் கழுத்து வலி தங்கிவிட்டால் அவருக்கு இது கொடுமை. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

பனிக்கால டயர் வாங்கிப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். நாளை சாயங்காலம் பிசியோதெரபி முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுகிறேன், கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.

அன்பு மகன்,
குமார்