பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மைதானத்தை மூடாதீர்கள்

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜூன் மாதம் என்றாலே எனக்கு ஒரு காட்சிதான் கண்ணில் நிற்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, விடுமுறை முழுக்க கோ-கோ பயிற்சிக்கு வந்த பெண், பள்ளி திறந்த முதல் வாரம் மைதானத்து ஓரமாக வந்து நிற்பாள். "மிஸ், இனிமே வரமாட்டேன். காலையில ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் நீட் கோச்சிங். அப்பா வேணாம்னு சொல்லிட்டாங்க." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

கோ-கோவுக்குக் களத்தில் ஒன்பது பேர் வேண்டும். 14, 17 வயதுப் பிரிவுகளில் இடம் பிடிக்கப் பிள்ளைகளிடையே போட்டா போட்டி. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் ஆடும் 19 வயதுப் பிரிவு என்றால் அந்த ஒன்பது பேரைத் தேற்றவே நான் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குவேன்.

பெற்றோரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஜனவரியில் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் முதல் சுற்று, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் 600 மதிப்பெண்ணுக்குப் பொதுத்தேர்வு, ஏப்ரலில் ஜே.இ.இ. இரண்டாம் சுற்று, மே மாதம் 720 மதிப்பெண்ணுக்கு நீட். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் அரை மார்க் குறைந்தாலும் நினைத்த கல்லூரி கை நழுவலாம். கடன் வாங்கிப் பீஸ் கட்டுகிற குடும்பத்துக்கு இதெல்லாம் விளையாட்டுக் காரியம் இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? "நேரத்தைப் பிரிச்சு வச்சுக்கோம்மா, எல்லாத்தையும் சமாளிக்கலாம்" என்கிறோம். காலை ஏழரை மணிக்கு ஸ்லிப் டெஸ்ட்டில் தொடங்கி இரவு எட்டு மணிக்கு ஸ்டடி முடிகிறவரை அவளுடைய நாள் முழுவதையும் எழுதி வைத்திருப்பது நீங்கள் போட்ட டைம்டேபிள். அவள் கையில் பிரித்துக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது?

என் பங்குத் தவறையும் சொல்ல வேண்டும். "மிஸ், போர்ஷன் முடியல, இந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க" என்று கணக்கு ஆசிரியர் கேட்டபோதெல்லாம் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கொருவர் உதவி என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் பிளஸ் டூ 'ஏ' பிரிவு, ஆகஸ்ட்டுக்குப் பிறகு ஒரு நாள்கூட மைதானத்துக்கு வரவில்லை. நான் வாய் திறக்கவில்லை. அந்த வகுப்பில் ஒருத்தி இருந்தாள். ஒன்பதாம் வகுப்பிலேயே மாவட்டப் போட்டி வரை போன ஓட்டக்காரி. மதிய உணவு வேளையில் வந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். விளையாட்டை விட்டதால் அவள் மார்க் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மிச்சமான நேரம் கோச்சிங் வேனிலும் அலுப்பிலும் போயிற்று. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை.

போர்ஷன் ஏன் முடிவதில்லை என்பதையும் பேசுவோம். பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் பெருகியதால்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகள் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியிருக்கிறது. அந்த வருடத்தை மறுபடியும் பிளஸ் டூ பாடத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நீட்டும் ஜே.இ.இ.யும் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. பிளஸ் ஒன்னில் விட்டதை ஒரு பிள்ளை கடைசி நான்கு மாதத்தில் தேடிப் படிக்கும்போது முதலில் பறிபோவது தூக்கம், அப்புறம் விளையாட்டு.

மாநில ரேங்க் அறிவிப்பை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் பள்ளி வாசலில் சென்டம் எடுத்தவர்கள் படத்தோடு பிளெக்ஸ் வைப்பது நிற்கவில்லை.

இட ஒதுக்கீட்டைக் காட்டி நான் விளையாட்டுக்குப் பரிந்து பேசப்போவதில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு, சென்னை ஐ.ஐ.டி.யும் 2024-இல் விளையாட்டுப் பிரிவில் சேர்க்கை தொடங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் விளையாடுகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த இடம் கிடைக்காது. இரண்டு வருடம் மகளை மைதானத்துக்கு அனுப்பாமல் இருந்துவிட்டு, கலந்தாய்வு நேரத்தில் சர்டிஃபிகேட் கேட்டு வந்த பெற்றோரையும் எனக்குத் தெரியும். எந்தச் சர்டிஃபிகேட்டும் வாங்காத பிள்ளைக்காகத்தான் எழுதுகிறேன். பாட்டுக்கும் பறைக்கும் நாடகத்துக்கும் போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் வாரத்துக்கு இரண்டு பீரியட்தான் கேட்கிறேன். அதை யாரும் கடன் கேட்கக் கூடாது என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் நீங்களே சொல்லுங்கள், பி.டி. ஆசிரியர் சொன்னால் எடுபடாது. மேட்சுக்குப் போன பிள்ளைக்கு அன்றைய டெஸ்ட்டை மறுநாள் வையுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். பிளஸ் டூவிலும் அரையாண்டுத் தேர்வு வரையாவது சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானம் திறந்திருக்கட்டும். ஜனவரிக்குப் பிறகு படிப்புதான் என்றால் நானே பந்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

பள்ளி திறந்து சில வாரங்களில், சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்கான பெயர்ப் பட்டியல் உங்கள் கையெழுத்துக்கு வரும். 19 வயதுப் பிரிவு காலியாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை பிளஸ் ஒன் வகுப்புக்குப் போய், விளையாட ஆசை இருக்கிறவர்கள் யார் என்று நீங்களே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை