பாரம் இறங்கிய பிறகு இறுக்கு

அன்பு மகளுக்கு,

உன் பழைய மோரிஸ் மைனர் காரின் முன் சக்கரப் பக்கத்தை எடுத்து நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையை (லோயர் ஆர்ம்) வண்டியோடு சேர்க்கிற ஐ போல்ட்டின் புஷ்ஷில், அதாவது ரப்பர் உறையில், ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கி வந்துவிட்டது. மறுபக்கம் இரும்பும் இரும்பும் உரசிப் பளபளக்கிறது. அந்தக் கை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற டை ராடின் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பி, நகத்தால் கிள்ளினாலே வரும் போல இருக்கிறது. பிரேக் பிடித்தால் ‘டொக்’ என்று தட்டுகிறது, வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று எழுதியிருந்தாய். பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் ஷாக் அப்சார்பர்தான் என்று சாதித்தார். என் மகள் புஷ் என்கிறாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றேன். போட்டோவைக் காட்டியதும் வாயடைத்துப்போனார்.

ஆனால் வண்டிக்கு அடியில் இருப்பது என்னம்மா, செங்கல்லா? எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! செங்கல் தாங்குகிற வரைக்கும் தாங்கும், பிறகு ஒரு நொடியில் பொடிந்துவிடும். ஜாக்கி தூக்கத்தான், தாங்க ஸ்டாண்டு வேண்டும். சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வை, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வை. வைத்த பிறகு வண்டியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார். அசைந்தால் அடியில் போகாதே.

டார்ச்சை டயரில் சாய்த்து வைத்திருக்கிறாய். போட்டோவில் நேரம் இரவு பதினொன்றரை. டார்ச் பிடிக்கக்கூட ஆள் இல்லாத நேரத்தில் இந்த வேலை எதற்கு? மாப்பிள்ளைக்கு அலுவலகத்தில் வேலை அதிகமாக இருக்கும். சரி, அதை விடு.

டார்ஷன் பார் விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். மைனரின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடாதே. ஸ்பிரிங் வேலையைச் செய்கிற முறுக்கேறிய கம்பி அந்த டார்ஷன் பார். லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, மேல் இணைப்பைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக, மிக மெதுவாக இறக்கினால்தான் முறுக்கு அடங்கும். சக்கரம் மாட்டுகிற ஹப்பைக் கம்பியால் கட்டித் தொங்கவிடு, பாரம் பிரேக் ஹோஸில் விழக்கூடாது. இடது பாரையும் வலது பாரையும் மாற்றிவிடாதே, ஒவ்வொன்றும் தன் பக்கத்து முறுக்குக்குப் பழகியது. கழற்றும் முன்பே பெயின்டால் அடையாளம் போடு. பாரின் மேல் சுத்தியலோ உளியோ படவே கூடாது. சின்னக் கீறல் விழுந்தாலும் பின்னால் ஒருநாள் அந்த இடத்தில்தான் முறியும். 1948-இல் என்ஜினியர் அலெக் இஸிகோனிஸ் இந்த வண்டியைக் கொண்டுவந்தபோது முன்பக்கத்துக்கு இவ்வளவு எளிமையாக ஒரு வழி செய்தாரே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் அந்த ரப்பர் நன்றாக இருக்கிற வரைக்கும்தான் எல்லாம்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். டை ராட் மேலும் கீழும் கோணம் மாறி அசைய வேண்டியது. கெட்டியான புஷ் அந்த அசைவைத் தடுத்து ராடுக்கே வேதனை கொடுக்கும். ரப்பரே போடு, இரண்டு பக்கமும் சேர்த்துப் போடு. உள்ளே ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், இன்ஜின் ஆயில் பக்கமே போகாதே. பழைய ரப்பர் கெட்டதே மேலிருந்து ஒழுகிய ஆயிலால்தானே? அந்த ஒழுக்கை முதலில் நிறுத்து. பழைய புஷ் வரவில்லை என்றால் தீ வைத்து எரிக்காதே, அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஹேக்சா பிளேடால் அறுத்து எடு. கை வலிக்கும், பரவாயில்லை.

சக்கரத்தைக் கீழ்க் கையோடு சேர்க்கிற திருகு மூட்டு, அந்தக் கீழ் ட்ரனியனுக்குக் கிரீஸ் அடித்தாயா? போன தடவையும் கேட்டேன், நீ பேச்சை மாற்றிவிட்டாய். அந்த மறை தேய்ந்தால் சக்கரம் மடங்கி வண்டி உட்கார்ந்துவிடும். இவ்வளவு வேலை தெரிந்தவள் இதில் மட்டும் ஏன் அசட்டையாக இருக்கிறாய்?

தனியாகச் செய்யாதே. பகலில் செய். அடியில் போகும்போது வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பையனாக இருந்தாலும் போதும். போன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், இரண்டு நாளாக அடித்தும் நீ எடுக்கவில்லை. முன்பெல்லாம் நீ பேசும்போது பின்னால் மாப்பிள்ளை குரலும் கேட்கும். அம்மா ஏதோ கேட்கச் சொன்னாள். அவளே கேட்டுக்கொள்ளட்டும், நான் வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முக்கியமானது ஒன்று. ஆர்ம் தொங்குகிற நிலையில் புஷ் நட்டை முழுதாக இறுக்கிவிடாதே. அப்படி இறுக்கினால், வண்டியைத் தரையில் வைத்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழிந்துவிடும். முதலில் கையிறுக்கம் மட்டும். சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, பானெட்டை நாலு தடவை அமுக்கி விட்டு, முழுப் பாரமும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிலிட் பின் புதிதாகப் போடு. அப்புறம் டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கிற அளவு, பார்க்க வேண்டும், 3/32 அங்குலம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

கடைசி இறுக்குக்கு ஒருவர் அமுக்க, ஒருவர் அடியில் இருந்தால் நல்லது. நான் வியாழக்கிழமை காலையில் வந்துவிடுவேன். ஸ்டாண்டு இரண்டையும் கையோடு கொண்டுவருகிறேன். அதுவரை சக்கரத்தைக் கழற்றியது கழற்றியபடியே இருக்கட்டும், நீ அடியில் போகாதே. இந்த வேலை எத்தனை நாள் இழுக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

அன்புடன்,
அப்பா