இரும்பும் கால்சியமும் ஒரே கவரில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளின் இரத்தசோகை பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அரசு இலவசமாகக் கொடுக்கும் சத்து மாத்திரைகளைப் பெண்கள் அலட்சியத்தால் சாப்பிடாமல் விடுவதே பிரச்சினைக்குக் காரணம் என்று முடித்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், பழியை அவர்கள் தலையில் மட்டும் கட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. கர்ப்ப காலத்தில் 180 நாட்களாவது இரும்பு மாத்திரை சாப்பிட்டதாகக் கூறிய தாய்மார்கள் 26 சதவீதமே. ஆனால் மருந்து வழங்கும் ஜன்னலில் நடப்பது என்ன? 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே கவரில் போட்டு, "சாப்பிட்டுட்டுப் போடும்மா" என்று நீட்டிவிடுகிறோம். அவரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டையும் சேர்த்தே விழுங்குகிறார். இரும்பு உடலில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதையோ, மாத்திரையை ஒட்டி டீ, காபி குடிக்கக் கூடாது என்பதையோ யாரும் அவருக்குச் சொல்வதில்லை. அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டாதபோது, ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் திட்டுதான் கிடைக்கிறது.

மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. உடல் ஏற்காத இரும்பு வெளியேறுவதால் வரும் நிறம் அது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது. மலச்சிக்கலும் குமட்டலும் உண்மையான தொல்லைகள். அவற்றோடு, மாத்திரை போட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் சேர்ந்தால் மாத்திரை அட்டை அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

ஃபோலிக் அமிலத்தின் கதை வேறு. கருவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆதாரமான நரம்புக்குழாய் சரியாக மூட இந்த வைட்டமின் வேண்டும்; அதுவோ கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய்ப் பெண் பதிவு செய்ய வரும்போது அந்தக் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே சொன்னாலும், புதிதாகத் திருமணமானவர்களைத் தேடிச் சென்று கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. 1920-களின் இறுதியில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், அங்கிருந்த ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்ததுதான் ஃபோலேட்டை (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்) கண்டறிய வழிவகுத்தது என்பதை நினைத்தால் இந்த மெத்தனம் இன்னும் உறுத்துகிறது.

கால்சியத்தைக் காலை, மதிய உணவோடும் இரும்பை இரவு படுக்கும் முன்பும் போடுமாறு, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி சூரியன், நிலாப் படங்களுடன் இரண்டு தனித்தனிக் கவர்களில் அச்சிட்டுத் தர சுகாதாரத் துறை முன்வர வேண்டும். எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று மட்டுமே கேட்கும் பதிவேட்டில், அடுத்த முறை வரும்போது அட்டையில் எத்தனை மீதி இருந்தன, ஏன் இருந்தன என்று எழுதவும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
புதுக்கோட்டை மாவட்டம்