செங்கல் வீட்டில் இருந்தவர்கள்

அன்பு மகளுக்கு,

லண்டன் ஹோமர்டனில் வாடகைக்கு வீடு கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதுமே எனக்கு அங்கே இருக்கும் சட்டன் ஹவுஸ் என்ற பழைய வீடுதான் நினைவுக்கு வந்தது. "இதுவும் யாரோ ஒருத்தர் வீடுதானேம்மா, ஒரு ஆணிகூட அடிக்க முடியாது" என்று அலுத்துக்கொண்டாய். போனில் அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஹோமர்டன் ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் அந்த வீட்டை 1535இல் கட்டியவர் ரால்ஃப் சாட்லர். பின்னாளில் அரசரின் முக்கிய அமைச்சரான தாமஸ் கிராம்வெல் வீட்டில் சிறுவனாக வந்து சேர்ந்து, எழுத்து வேலை கற்று, இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அரசவை வரை உயர்ந்தவர். ஹோமர்டன் இருக்கும் ஹாக்னி அப்போது லண்டனுக்கு வெளியே ஒரு கிராமம். சுற்றிலும் மரச்சட்ட வீடுகள் இருந்த இடத்தில் இவர் செங்கல்லில் கட்டினார். செங்கல் வீடு என்பதே அதற்குப் பெயராகிவிட்டது. 1540இல் கிராம்வெல்லின் தலையை வெட்டினார்கள். அடுத்த வருஷம் சாட்லரையும் லண்டன் கோபுரத்தில் அடைத்து, பிறகு விட்டார்கள். 1550இல் வீட்டை ஒரு துணி வணிகருக்கு விற்றுவிட்டார். அவ்வளவு செலவழித்துக் கட்டியவர் வைத்திருந்தது 15 வருஷம்தான்!

அப்புறம் யார் யாரோ வந்தார்கள். வணிகர்கள் இருந்தார்கள். பிரான்சில் மதத்துக்காகத் துரத்தப்பட்ட ஹ்யூகனோ மக்கள் இருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கான பள்ளி நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீட்டையே இரண்டாகப் பிரித்தார்கள். இன்று அது தாங்கியிருக்கும் பெயர் தாமஸ் சட்டனுடையது. அவரோ அங்கே குடியிருந்ததே இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.

1938இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு வீட்டை வாங்கியது. அதற்கான பணம் முதல் உலகப்போரில் இறந்த இரண்டு சகோதரர்களின் நினைவாக வந்தது. இரண்டாம் போரில் தீயணைப்புக் காவலர்கள் தங்கினார்கள், பிறகு ஒரு தொழிற்சங்கம் அலுவலகம் வைத்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் அவர்களும் போனபின் வீடு பூட்டிக் கிடந்தது.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கதை. தங்க இடமில்லாத இளைஞர்கள் சிலர் பூட்டிய வீட்டுக்குள் புகுந்து குடியேறினார்கள். 'நீல வீடு' என்று பெயர் வைத்தார்கள், கச்சேரி நடத்தினார்கள், சுவரில் படம் வரைந்தார்கள். கொஞ்ச நாளில் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு திருடர்கள் வந்து ஓக் மரப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நீ கொசுவம் வைத்த புடவையைப் பார்த்திருப்பாயே, அப்படி மடிப்பு மடிப்பாக மரத்தில் செதுக்கிய பலகைகள். நல்லவேளை, அவை திரும்பக் கிடைத்தன. அந்த இடத்தைப் பிரித்துத் தனித்தனிக் குடியிருப்புகளாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஹாக்னி ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த வீட்டுப் பத்திரத்தில் பெயர் கிடையாது. அவர்கள் விடாமல் நின்றதால்தான் 1990களில் பழுதுபார்த்து எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பழுதுபார்த்தவர்கள் அந்த இளைஞர்களின் சுவர்ப் படத்தை அழிக்கவில்லை என்பது. மேல்மாடியில் அவர்கள் வாழ்ந்த விதத்தைக் காட்டும் ஓர் அறையும் இருக்கிறது. சாட்லரின் பலகைகளுக்குத் தந்த மரியாதையை அந்தப் படத்துக்கும் தந்திருக்கிறார்கள். வரலாற்றுப் பாடம் நடத்திய எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. அரசரின் ஆள் இருந்த கதை மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை பார்.

வீடு மாறி முடித்ததும் ஒருநாள் போய்வா. பையனையும் கூட்டிப் போ. சாட்லர் வாழ்ந்த டியூடர் அரசர்கள் காலத்துக் கழிப்பறை ஒன்று மிச்சமிருக்கிறது, அவனுக்கு அதுதான் பிடிக்கும். எல்லா நாளும் திறந்திருக்காது, விசாரித்துவிட்டுப் போ. ஆணி அடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, அவன் வரைந்த படங்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவை.

அன்புடன்,
அம்மா