ரீலோடிங் பெஞ்ச் செட் பற்றிய புகார்: மேசை ஆடுகிறது, பெட்டி ஆபத்தானது

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வீட்டு ரீலோடிங் அறை முழு செட்டில் வந்த மேசையையும் இரும்புப் பெட்டியையும் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தரக் கோருதல்; அந்தப் பெட்டியின் விற்பனையை நிறுத்தக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். தோட்டா ரீலோடிங், அதாவது சுட்டு முடித்த தோட்டாவின் காலி உறையில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றுவது, எனக்குப் பல வருடப் பழக்கம். அதற்கான அனுமதி முறைப்படி வைத்திருக்கிறேன். இதுவரை வேறு வேலைக்காக வாங்கிய ஒரு பழைய தச்சு மேசையிலேயே சமாளித்து வந்தேன். வீட்டில் ஓர் அறை காலியானதும், இனி ஒழுங்காகச் செய்வோம் என்று உங்கள் முழு செட்டை வாங்கினேன். மேசை, மேல் தட்டு, விளக்கு, டிஜிட்டல் தராசு, தரைவிரிப்பு, வெடிமருந்து வைக்க இரும்புப் பெட்டி எல்லாம் ஒன்றாகக் கிடைக்கிறதே என்ற ஆசைதான். இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன்: இந்த மேசையை வடிவமைத்தவர் வாழ்க்கையில் ஒரு முறைகூட, உறையை அழுத்தும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ரீலோடிங் மேசை பாரம் தாங்கினால் மட்டும் போதாது. பிரஸ் மேசையின் முன் விளிம்பில் உட்காருகிறது. அதன் கைப்பிடி விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பித்தளை உறையை, அதைச் சரியான அளவுக்கு நெருக்கும் அச்சான டையில் ஏற்றும்போது நாம் கைப்பிடியைக் கீழே அழுத்துகிறோம். அப்போது மேசை முன்பக்கம் கவிழப் பார்க்கும். உறையை டையிலிருந்து உருவும்போது கைப்பிடியை மேலே தள்ளுகிறோம். இப்போது மேசை எதிர்ப்பக்கம் தூக்கும். 100 உறை செய்தால் இந்த இரண்டும் நூறு நூறு தடவை. உங்கள் மேசையின் முன் கால்களோ விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி நிற்கின்றன. பார்க்க அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சாண்தான் மேசையைக் கவிழ்க்கும் நெம்புகோலாகிவிடுகிறது.

பிஸ்டல் உறைகளைக் கார்பைடு டையில் ஏற்றியபோது லேசான ஆட்டம்தான், பொறுத்துக்கொண்டேன். பெரிய .308 ரைஃபிள் உறைகளை முழு நீளத்துக்கு சைஸ் செய்ய (பழைய அளவுக்கு நெருக்க) ஆரம்பித்ததும் சாயம் வெளுத்தது. உறைக்கு முறையாக மசகு போட்டிருந்தும், ஒவ்வொரு இழுப்புக்கும் பின் கால்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. மேலே இருந்த டை டப்பாக்கள் சரிந்து விழுந்தன.

இதைச் சொன்னபோது உங்கள் ஊழியர், "மேசை 200 கிலோ தாங்கும் சார்" என்றார். தாங்கட்டும். அது மேலே சும்மா வைக்கும் எடைக்கான கணக்கு. விளிம்பில் தொங்கி இழுக்கும் விசைக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது முறை பேசியவர், "மெதுவாக இழுங்கள்" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அடுத்தது மேல் பலகை. 18 மில்லிமீட்டர் பார்ட்டிக்கிள் போர்டு, மேலே மர நிறத்தில் ஒரு தாள். பிரஸ்ஸைப் பொருத்த நீங்கள் கொடுத்தவை நான்கு மர ஸ்குரூ. ஒப்புக்குச் சப்பாணி மாதிரி. இரண்டாவது வாரமே துளையைச் சுற்றி மரத்தூள் உதிர்ந்து ஸ்குரூ கையோடு வந்துவிட்டது. பிரஸ்ஸுக்கு ஊடுருவிப் போகும் போல்ட் வேண்டும். பலகைக்கு அடியில் அகலமான வாஷரோ இரும்புப் பட்டையோ வேண்டும். பலகையும் இரண்டு பிளைவுட்டை ஒட்டிய கனத்திலாவது இருக்க வேண்டும். போல்ட்டையும் பட்டையையும் நானே போட்டேன். இப்போது பிரஸ் பிடிப்பாக இருக்கிறது, ஆனால் பலகையே வில்லாக வளைகிறது.

சரி, ஆடினால் என்ன, வேலை நடக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். பிரஸ்ஸைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. டையும் உறையும் ஒரே இரும்புச் சட்டத்துக்குள் இருப்பதால் மேசை ஆடினாலும் உறையின் அளவு பெரிதாக மாறாது. பிரச்சினை அதே பலகையில் இருக்கும் மற்ற இரண்டு பொருட்களில். பவுடர் மெஷர், அதாவது உறைக்குள் வெடிமருந்தை அளந்து விடும் கருவி, எடை பார்த்து ஊற்றுவதில்லை, கன அளவு பார்த்து ஊற்றுகிறது. மேசை அதிர்ந்தால் குடுவையில் இருக்கும் பவுடர் இறுகிப் படிகிறது. படி அரிசியைத் தட்டித் தட்டி அளப்பது போலத்தான், அதே கொள்ளளவில் கூடுதல் எடை இறங்கும். ஒரே அளவில் வைத்துப் பத்து முறை ஊற்றிப் பார்த்தேன், 0.4 கிரெயின் (மருந்தை நிறுக்கும் எடை அலகு) வித்தியாசம். அதே மெஷரைத் தனி ஸ்டாண்டில் மாட்டினால் 0.1க்குள் அடங்குகிறது. சிறிய பிஸ்டல் தோட்டாவுக்கு மொத்தமே நான்கைந்து கிரெயின்தான் போகும். அதில் 0.4 என்பது கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. இந்த வேலையில் அது சின்னப் பிசகு அல்ல.

தராசும் அப்படியே. 0.1 கிரெயின் என்றால் சுமார் 6.5 மில்லிகிராம். 20 கிராம் சோதனைக் கல்லை வைத்தால் 308.6 கிரெயின் காட்ட வேண்டும். உங்கள் மேசையில் அது 308.2க்கும் 309.1க்கும் நடுவே அலைந்தது. தராசு பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். சுவரில் தனியாக ஒரு தட்டு அடித்து அதில் வைத்தேன், 308.6இல் அசையாமல் நின்றது. ஆகவே தராசின் மேல் எனக்குப் புகார் இல்லை. நல்ல தராசு, பாவம், தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தது.

விளக்கு பற்றியும் ஒரு வார்த்தை. அது மேல் தட்டின் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கிறது, வெளிச்சம் சுவரில் விழுகிறது. உறைகளை நிறுத்தி வைக்கும் துளைக்கட்டையான பிளாக்கில் 50 உறையை அடுக்கி, எதிலாவது பவுடர் இரண்டு தடவை விழுந்திருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பிஸ்டல் உறையில் இரட்டை அளவு பவுடர் தாராளமாக அடங்கும், வெளியே வழிந்து காட்டிக்கொடுக்காது. அந்த நேரத்தில் உறைகளுக்குள் நிழல்தான் தெரிகிறது. இப்போது ஒரு கையில் டார்ச் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.

தரைவிரிப்பைப் பிரிக்கவே இல்லை. சிந்திய பவுடரும் உருண்டு விழும் பிரைமரும் (அடிபட்டதும் பொறி கொடுத்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) இழைகளுக்குள் புகுந்துவிட்டால் எப்படி எடுப்பது? வாக்குவம் கிளீனரும் போட முடியாது, அதன் மோட்டார் பொறியில் பவுடர் பற்றிக்கொள்ளும். தரை வழுவழுப்பாக இருந்தால் துடைப்பமும் முறமும் போதும். அப்புறம், உங்கள் விளக்கக் கையேட்டின் அட்டைப் படத்தில் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை. பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. அந்த மேசையில் வாய்க்குப் போகும் எதையும் வைக்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம். அதே படத்தில் இரண்டு வகைப் பவுடர் டப்பாக்கள் திறந்தபடி பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பவுடர்தான் இருக்க வேண்டும். படம் எடுத்தவருக்குத் தெரியாது, சரி. அச்சுக்கு அனுப்பியவருக்குமா தெரியாது?

இதுவரை சொன்னதெல்லாம் பணமும் எரிச்சலும் சம்பந்தப்பட்டவை. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த இரும்புப் பெட்டி.

கனமான தகடு, கதவைச் சுற்றி ரப்பர் வார், காற்றுப் புகாத பூட்டு. கதவில் "பவுடரும் பிரைமரும் பாதுகாப்பாக வைக்க" என்று ஸ்டிக்கர். புகையில்லா பவுடர் திறந்த இடத்தில் தீப்பிடித்தால் வேகமாக எரியும், அவ்வளவுதான். இறுக்கமாக அடைபட்ட இடத்தில் பிடித்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் கூடும். துப்பாக்கிக்குள் நடப்பதே அதுதான். அதனால்தான் பவுடர் தயாரிப்பவர்கள் அழுத்தம் வந்தால் எளிதில் பிளந்துகொள்ளும் டப்பாவில் அதை விற்கிறார்கள். அந்த டப்பாவிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். சேமிப்புப் பெட்டி என்றால் ஓர் அங்குலக் கனத்தில் மரப்பெட்டி. அது கொஞ்ச நேரம் சூட்டைத் தடுக்கும், அழுத்தம் வந்தால் விட்டுக்கொடுக்கும். நீங்கள் விற்பது விட்டுக்கொடுக்கவே கொடுக்காது. வீட்டில் தீப்பிடித்தால் அது பாதுகாப்புப் பெட்டியாக இருக்காது, குண்டாகத்தான் இருக்கும். அதில் பிரைமரையும் கூடவே வைக்கச் சொல்கிறீர்கள். பவுடரும் பிரைமரும் தனித்தனி இடத்தில் இருக்க வேண்டியவை.

எனக்கு இது தெரியும், அதனால் அந்தப் பெட்டியில் இப்போது ஸ்பேனர்கள் இருக்கின்றன. ஆனால் முழு செட் வாங்குபவர்களில் பாதிப் பேர் புதிதாகத் தொடங்குபவர்களாகத்தான் இருப்பார்கள். ஸ்டிக்கரை நம்பி அப்படியே வைப்பார்கள்.

நான் கேட்பது இவைதான். மேசையையும் இரும்புப் பெட்டியையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு அவற்றுக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். நான் போட்ட போல்ட் துளைகளைக் காட்டிச் சேதம் என்று கழிக்க வேண்டாம், அந்தத் துளை இல்லாமல் பிரஸ் நிற்கவே நிற்காது. மாற்று மேசை அனுப்புவதாக இருந்தால் வேண்டாம், பழைய தச்சு மேசைக்கே திரும்பிவிட்டேன், அதைச் சுவரோடு போல்ட் போட்டும் இறுக்கிவிட்டேன். தராசையும் விளக்கையும் நானே வைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெட்டியின் விற்பனையை நிறுத்துங்கள், இதுவரை பெட்டி வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதில் பவுடர் வைக்க வேண்டாம் என்று எழுத்தில் தெரிவியுங்கள், தெரிவித்த கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால், பெட்டியின் படங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் போவேன்.

மேசையின் பின் கால்கள் எழும் வீடியோவும், உதிர்ந்த பலகையின் படங்களும், கதவு ஸ்டிக்கரின் படமும், ரசீது நகலும் இணைத்திருக்கிறேன். வீடியோவில் கேட்கும் சத்தம் டை டப்பா விழுவது, பயப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்